தோல் மட்டும்தான் ஃபிளெக்ஸுக்குத் தப்பியது

கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்த வேண்டி வந்தால் சொந்தக்காரர்கள் படும் பாடு தமாஷாக இருக்கும். "தம்பி ஆர்ட்டிஸ்ட்" என்று தொடங்குவார்கள். எதிரில் இருப்பவர், "என்ன வரையறீங்க தம்பி?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "பந்தி போட்டுட்டாங்க, வாங்க சாப்பிடலாம்" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் கான்வாஸில் படம் வரைகிறேன். ஆட்களின் கையிலும் தோளிலும் பச்சை குத்துகிறேன். முதலாவதைச் சொல்ல அவர்களுக்குப் பெருமை. இரண்டாவதைச் சொல்ல வாய் வருவதில்லை.

வீட்டு வாடகை, குழந்தையின் பள்ளிக் கட்டணம், கான்வாஸ், வண்ணக் குழாய்கள் எல்லாவற்றையும் வாங்கித் தருவது அந்த இரண்டாவது வேலைதான். சொந்தக்காரர்களின் கூச்சத்தைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. அதே கூச்சம் அரசாங்கத்துக்கும் கலைக் கல்லூரிகளுக்கும் இருப்பதுதான் பிரச்சினை. தமிழ்நாட்டில் இன்று சின்ன ஊர்களிலும் பச்சைக் கடை இருக்கிறது. அங்கே ஊசி பிடிப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. இதை ஒரு தொழிலாக, ஒரு கலையாக ஒப்புக்கொண்டு விதி வகுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

என் அப்பா மயிலாடுதுறையில் போர்டு எழுதியவர். மளிகைக் கடைப் பெயர்ப்பலகை, லாரியின் பின்பக்க வாசகம், தேர்தல் நேரத்தில் கட்சிச் சுவர், கோயில் திருவிழாவுக்குத் துணி பேனர் என எது வந்தாலும் செய்வார். படம் ரிலீசானால் தியேட்டர் வாசலுக்கு முகம் வரைவார். கையளவு ஸ்டில்லின் மேல் பென்சிலால் கட்டம் போடுவார். அதே கட்டத்தைப் பத்து மடங்காகத் துணியில் போடுவார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் கோட்டை மட்டும் பார்த்துப் பெரிதாக்குவார். "முகத்தைப் பாக்காதடா, கட்டத்தைப் பாரு" என்பார். எனக்குத் தெரிந்த ஓவியப் பாடங்களில் இதுதான் முதலாவது.

2000-களின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் அடித்து, விடிவதற்குள் கட்டிவிட்டுப் போனார்கள். கையால் எழுதினால் மூன்று நாள் ஆகும், விலையும் கூட. அப்பாவின் தலைமுறையில் சிலர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார்கள். சிலர் அந்த ஃபிளெக்ஸ் கடையிலேயே கம்ப்யூட்டர் பையனுக்கு உதவியாளாக உட்கார்ந்தார்கள். அப்பா தூரிகைகளை டர்பன்டைனில் கழுவி, காகிதத்தில் சுற்றி, பரண்மேல் போட்டார்.

நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். முடித்துவிட்டுச் சென்னை வந்தபோது எனக்கு முன்னே இருந்த வழிகள் அனிமேஷன் கம்பெனி, பள்ளியில் டிராயிங் மாஸ்டர், சினிமாவில் ஆர்ட் அசிஸ்டென்ட். வடபழனியில் ஒரு பச்சைக் கடை வாசலில் 'ஸ்கெட்ச் ஆர்ட்டிஸ்ட் தேவை' என்று எழுதியிருந்தது. அதையும் ஃபிளெக்ஸில்தான் அடித்திருந்தார்கள். உள்ளே போனேன். ஒருவர் தன் அம்மாவின் பாஸ்போர்ட் போட்டோவைக் கொடுத்து, அதைக் கையில் குத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரருக்கு முகம் வராது. நான் ஒரு தாளில் கட்டம் போட்டேன். அன்றைக்கே வேலை கிடைத்தது.

சுவர் போனது, பேனர் போனது, பெயர்ப்பலகை போனது. தோலின் மேல் மட்டும் இன்னும் மனிதக் கைதான் வரைய வேண்டியிருக்கிறது. கையால் வரைந்து வயிறு வளர்க்க நினைக்கும் ஒரு தமிழ்நாட்டு இளைஞனுக்கு மிச்சமிருக்கும் கொஞ்ச இடங்களில் இதுவும் ஒன்று.

'படித்த ஓவியன் இதையெல்லாம் செய்யலாமா?' என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு அமெரிக்கரின் கதையைச் சொல்வேன். எட் ஹார்டி என்ற பெயரைச் சட்டையில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். புலி, மண்டையோடு, இதயம், மேலே சாய்வாக ஒரு கையெழுத்து. பர்மா பஜாரில் அதன் போலிச் சரக்கு ஒரு காலத்தில் குவிந்து கிடந்தது. அது ஒரு கம்பெனியின் பெயர் என்றே பலரும் நினைத்தார்கள். அது ஒரு ஓவியரின் பெயர்.

டான் எட் ஹார்டி 1945-இல் பிறந்தார். வளர்ந்தது தெற்குக் கலிஃபோர்னியாவின் கடற்கரையில். பத்து வயது வாக்கில் நண்பனோடு சேர்ந்து தெருப் பிள்ளைகளின் கையில் கண் மையாலும் கலர் பென்சிலாலும் பச்சை வரைந்துவிடுவதுதான் அவருடைய விளையாட்டு. லாங் பீச் துறைமுகத்தில், கடற்படைக்காரர்கள் வரிசையில் நிற்கும் பச்சைக் கடைகளின் வாசலில் போய் நின்று வேடிக்கை பார்ப்பார். பிறகு சான் பிரான்சிஸ்கோ கலைக் கல்லூரியில் அச்சோவியம் படித்தார். செப்புத் தகட்டில் ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் அரித்து, மை ஏற்றி அச்சிடும் வேலை அது. ரெம்பிராண்ட், கோயா இருவரின் அச்சோவியங்களையும் அருங்காட்சியகத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் படித்தவர். 1967-இல் பட்டம் வாங்கினார். யேல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. போகவில்லை. பச்சை குத்தப் போனார்.

அவருக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஃபில் ஸ்பாரோ. ஓக்லாந்தில் கடை வைத்திருந்தார். இயற்பெயர் சாமுவேல் ஸ்டூவர்ட். ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்து, அதை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஜப்பானியர்கள் முதுகு முழுக்க ஒரே ஓவியமாகக் குத்திக்கொள்ளும் படங்கள் அடங்கிய புத்தகத்தை அவர்தான் ஹார்டிக்குக் காட்டினார். அதுவரை அமெரிக்கக் கடைகளில் சுவர் நிறைய மாதிரிப் படங்கள் தொங்கும். நங்கூரம், கழுகு, ரோஜா. வருகிறவர் விரலால் ஒன்றைச் சுட்டுவார், கடைக்காரர் குத்திவிடுவார். நம் ஊர்ச் சலூனில் ஹேர்ஸ்டைல் படத்தைக் காட்டுவதைப் போல.

ஹார்டிக்கு அது போதவில்லை. ஹொனலூலுவில் 'செய்லர் ஜெர்ரி' என்று பெயரெடுத்த நார்மன் காலின்ஸோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார். அவர் வழியாக ஜப்பானின் கிஃபு நகரத்தில் இருந்த ஹோரிஹிதே என்ற ஆசானின் அறிமுகம் கிடைத்தது. 1973-இல் அங்கே போய் அவரோடு சில மாதங்கள் வேலை செய்தார். திரும்பி வந்து 1974-இல் சான் பிரான்சிஸ்கோவில் தன் கடையைத் திறந்தார். சுவரில் மாதிரிப் படம் கிடையாது. முன்பதிவு செய்துவிட்டுத்தான் வர வேண்டும். வருகிறவர் உட்கார்ந்து தன் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு ஹார்டி அவருக்கென்றே ஒரு படம் வரைவார். இன்று எங்கள் தொழிலில் எல்லோரும் சர்வ சாதாரணமாகச் செய்யும் வேலை அன்றைக்குப் புதுசு.

1982-இல் 'டாட்டூடைம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பச்சை குத்துவதன் வரலாற்றை, பசிஃபிக் தீவுகளின் வடிவங்களை, ஆசான்களின் வேலையை ஆவணமாக்கினார். பிறகு ஓவியத்துக்கும் திரும்பினார். 2000-ஆவது ஆண்டு டிராகன் ஆண்டு என்பதால், 500 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஒரே சுருளில் 2,000 டிராகன்களை வரைந்தார். 2004 வாக்கில் அவருடைய படங்களைத் துணியில் அச்சடிக்கும் உரிமையை கிறிஸ்டியன் ஆடிஜியே என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் வாங்கினார். தொப்பி, பனியன், வாசனைத் திரவியம் என்று எதில் பார்த்தாலும் அந்தக் கையெழுத்து. சில ஆண்டுகளில் உலகத்துக்கே திகட்டிவிட்டது. ஓவியரின் முகம் அந்தச் சட்டைக்குப் பின்னால் மறைந்தது. 2019-இல் சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகம் அவருடைய சிறுவயதுப் படங்களில் தொடங்கி அந்த டிராகன் சுருள் வரைக்கும் ஒன்றுதிரட்டிக் கண்காட்சி வைத்த பிறகுதான் மறைந்த முகம் வெளியே வந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் புகழும் பணமும் வந்த இடம் அல்ல. செப்புத் தகட்டில் கோடு கீறிப் பழகிய கைதான் தோலில் கோடு போட்டது. அந்த மனிதர் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போகவில்லை. கல்லூரியில் படித்ததைக் கடைக்குக் கொண்டு போனார், கடையில் கற்றதைக் காகிதத்துக்குக் கொண்டு வந்தார்.

அமெரிக்கா வரை போக வேண்டாம் என்பவர்களுக்கு இஞ்சம்பாக்கம் இருக்கிறது. சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966-இல் அங்கே சோழமண்டலக் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். ஓவியம் விற்காத காலத்தில் அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்? பத்திக் துணி செய்தார்கள், கைவினைப் பொருட்கள் செய்தார்கள். அதை விற்ற காசில் நிலம் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், ஓவியமும் வரைந்தார்கள். எம்.எஃப். உசேன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்தவர். கைத்தொழில் செய்ததால் அவர்களில் யாருடைய ஓவியமும் தரம் தாழ்ந்துவிடவில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாததால்தான் பலருக்கு இளப்பம் வருகிறது. கொஞ்சம் கிட்டத்தில் வந்து பாருங்கள்.

ஒருவர் தன் அப்பாவின் முகத்தை முன்கையில் குத்தச் சொல்கிறார் என்று வையுங்கள். முன்கை ஓர் உருளை. மணிக்கட்டைத் திருப்பினால் தோலும் சேர்ந்து திரும்பும். கையை மேசைமேல் வைத்தபடி ஸ்டென்சில் ஒட்டினால், அவர் எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டதும் அப்பாவின் வாய் கோணிக்கொள்ளும். அதனால் முதலில் நிற்கச் சொல்வேன். கையை இயல்பாகத் தொங்கவிடச் சொல்வேன். மூக்கின் நடுக்கோடு எங்கே விழ வேண்டும் என்று பேனாவால் குறிப்பேன். பிறகு முடியை மழித்து, தோலைத் துடைத்து, ஸ்டென்சிலை ஒட்டி உரிப்பேன். ஊதா நிறத்தில் கோடு இறங்கும். அது காய வேண்டும். அவசரப்பட்டால் முதல் துடைப்பிலேயே பாதி முகம் போய்விடும்.

ஊசி இறங்க வேண்டிய ஆழம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். மேல்தோலைத் தாண்டி உள்தோலுக்குப் போக வேண்டும். மேலாக நின்றால் தோல் உரியும்போது மையும் சேர்ந்து உரிந்துவிடும். கூட இறங்கினால் மை பரவிக் கோடு கசியும். இடது கை தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். வலது கை மெஷினை ஓட்டும். முழங்கை எலும்புப் பக்கம் தோல் மெல்லிசு, உள்பக்கம் மெத்தென்று இருக்கும். ஒரே கோட்டை இழுக்கும்போதே அழுத்தத்தை மாற்ற வேண்டும். உள்ளே போன மையை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் விழுங்கிவிட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை செத்தால் அடுத்து வருபவை எடுத்து வைத்துக்கொள்கின்றன. பச்சை ஆயுள் முழுக்க நிற்பதன் சூட்சுமம் இதுதான். வருஷம் போகப் போக ஒவ்வொரு கோடும் கொஞ்சம் தடிக்கும். இன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும் மெல்லிய வேலை பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு வரைபவன்தான் இந்தத் தொழில் தெரிந்தவன்.

தமிழ் எழுத்து குத்த வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன். 'ண', 'ணை', 'ஐ' எல்லாம் சுழி உள்ள எழுத்துகள். விரல் பக்கத்தில் பொடியாக எழுதினால் சில வருஷத்தில் சுழிகள் அடைத்துக்கொண்டு புள்ளியாகிவிடும். சுழிக்குள் தோல் தெரிய வேண்டும், அப்பா போர்டு எழுதும்போது சொல்வதைப் போல, 'கண்ணு விட்டு' எழுத வேண்டும். இது எந்த ஆன்லைன் மாதிரிப் படத்திலும் கிடைக்காது. எழுத்து வரைந்து பழகிய கைக்குத்தான் தெரியும்.

குத்தத் தெரிவதைப் போலவே, 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிவதும் வேலைதான். ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். கழுத்தில் அம்மா பெயர் வேண்டும் என்றான். என்ன தம்பி பண்றே என்று கேட்டேன். "ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓடிட்டு இருக்கேண்ணே" என்றான். கழுத்தில் குத்தினால் அதோடு அவன் ஓட்டம் முடிந்தது. முழங்கைக்குக் கீழே முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் இருக்கும் நிரந்தரப் பச்சையைத்தான் ராணுவம் ஏற்கிறது. பழங்குடி மரபுப்படி குத்தியவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏற்கெனவே ஒரு கடையில் விலை பேசி, கூட்டமாக இருக்கிறதென்று என்னிடம் வந்திருக்கிறான். அங்கே யாரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பாட்டியின் முன்கையில் ஒரு புள்ளிக் கோலம் இருந்தது. பக்கத்தில் ஒரு தேள். ஊருக்கு வந்த குறத்தி திண்ணையில் உட்கார்ந்து குத்தியது. கூலி, ஒரு படி நெல்லும் பழைய சேலையும். விளக்குக் கரியும் இலைச்சாறும் கலந்த மை, கட்டி வைத்த ஊசிகள், வலி மறக்க ஒரு பாட்டு. ஸ்டென்சில் கிடையாது. புள்ளியை நேராகத் தோலிலேயே வைத்துக் கோட்டை இழுத்திருக்கிறாள். அறுபது வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கோலத்தின் சமச்சீர் குலையவில்லை. அதற்குக் காரணம் அவள் கோடுகளுக்கு நடுவில் விட்ட இடைவெளி. நான் மேலே சொன்ன கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கிறது.

சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். பச்சை குத்தும் குறவர் பெண்களைப் பற்றி அதில் குறிப்பு உண்டு. ஆட்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர் அவர். அந்தப் பெண்களை ஒரு சாதியின் வழக்கமாகத்தான் பதிவு செய்தார். ஓவியராக யாரையும் பெயர் சொல்லிப் பதிவு செய்யவில்லை. ஜப்பானில் முதுகோவியம் குத்தியவர் ஆசான். அவரைத் தேடிக் கடல் தாண்டி ஒரு அமெரிக்கர் போகிறார். இங்கே திண்ணையில் உட்கார்ந்து குத்தியவளுக்குப் பழைய சேலை. அந்தக் கோலங்களைத் தாங்கிய பாட்டிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்த வடிவங்களும் சுடுகாட்டுக்குப் போகின்றன. நம் கலைக் கல்லூரி மாணவர்களை ஒரு கோடை விடுமுறைக்குக் கேமராவும் நோட்டுப் புத்தகமும் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம்.

இனி விதிகளுக்கு வருகிறேன். இன்று தமிழ்நாட்டில் பச்சைக் கடை திறக்க, வேறெந்தக் கடைக்கும் வேண்டிய உரிமம் இருந்தால் போதும். ஊசி பிடிப்பவர் என்ன படித்தார், கிருமி நீக்கம் தெரியுமா, எந்த மை வாங்குகிறார் என்று கேட்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. மெஷினும் மையும் ஆன்லைனில் கிடைக்கின்றன. வாரக்கடைசி வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து எழுந்தால் சான்றிதழ் கையில்.

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு பச்சைக் கடையில் இளைஞர்களின் நாக்கைப் பிளந்துவிட்டு, அதை வீடியோவாகவும் போட்டதாக இருவர் கைதானார்கள். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. அதன் பிறகு கொஞ்ச நாள் எங்கள் கடைகளுக்கெல்லாம் அதிகாரிகள் வந்தார்கள். உரிமத்தைப் பார்த்தார்கள், போனார்கள். அவர்கள் சரிபார்க்க வேண்டிய பட்டியல் என்று ஒன்று இருந்திருந்தால் வந்ததற்குப் பயன் இருந்திருக்கும். 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளையொட்டிச் சென்னையில் நூற்றுக்கணக்கானோருக்கு அவர் உருவத்தை மொத்தமாகப் பச்சை குத்தினார்கள். மேடை, மாலை, கேமரா எல்லாம் இருந்தன. கூட்டத்தில் இப்படி வரிசையாகக் குத்தும்போது ஊசி மாற்றுவதையும் கையுறை மாற்றுவதையும் யார் கண்காணிக்க வேண்டும் என்று சொல்லும் விதி அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

இது விளையாட்டில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ், காய்ந்துபோன ரத்தத் துளியில் குறைந்தது ஒரு வாரமாவது உயிரோடு இருக்கும். பச்சை குத்திக்கொண்டவரிடம் ஓராண்டுக்கு ரத்த தானம் வாங்கக் கூடாது என்று நம் ரத்த வங்கி வழிகாட்டுதல் சொல்வதும் இதனால்தான். மையும் கவனிக்க வேண்டிய விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை குத்தும் மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. எல்லாரும் பயன்படுத்தி வந்த ஒரு நீல நிறமியையும் ஒரு பச்சை நிறமியையும் மறு ஆண்டு தடை செய்தது. அப்படி அங்கே விலக்கப்பட்ட சரக்கு இங்கே பாட்டிலில் வந்தால் தடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? கர்நாடக சுகாதாரத் துறை 2025-இல் இந்த மைகளில் உள்ள உலோகங்களைப் பற்றிக் கவலை தெரிவித்து, விதி வேண்டும் என்று பேசத் தொடங்கியது. தமிழ்நாடு இதில் பின்தங்கக் காரணமே இல்லை.

விதி என்றதும் சிலர் தடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நியூயார்க் நகரம் அதைச் செய்து பார்த்தது. ஹெபடைட்டிஸ் பரவுகிறது என்று 1961-இல் பச்சைக் கடைகளை மொத்தமாகத் தடை செய்தது. கடைகள் மூடவில்லை, மாடிக்கும் பின்கட்டுக்கும் போயின. சோதனை போட வழியில்லாத இடங்களில் முப்பத்தாறு வருஷம் தொழில் நடந்தது. 1997-இல் தடையை நீக்கி, உரிமம் கட்டாயம் என்றார்கள். உரிமம் வேண்டுமானால் நோய்த்தொற்றுத் தடுப்புப் பாடம் படித்திருக்க வேண்டும். ஜப்பானில் மருத்துவர் அல்லாதவர் பச்சை குத்துவது குற்றமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அது மருத்துவத் தொழில் ஆகாது என்று 2020-இல் தீர்ப்பு வந்தது. ஒளித்து வைத்தால் ஆபத்து கூடும், வெளியே கொண்டு வந்து ஒழுங்குபடுத்தினால் குறையும்.

நான் கேட்பது பெரிய பட்டியல் அல்ல. ஊசி பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் தனி உரிமம். அதற்கு முன்னால் அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் நடத்தும் கிருமி நீக்கப் பயிற்சி. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குக் குத்தக் கூடாது என்ற எழுத்துபூர்வமான விதி. மை எங்கே தயாரானது, எப்போது காலாவதி என்று காட்டும் பதிவேடு. ஊசிக் கழிவை ஆஸ்பத்திரிக் கழிவோடு சேர்த்து எடுத்துப் போக ஏற்பாடு, இப்போது பலரும் அதைத் தெருக் குப்பைத் தொட்டியில்தான் போடுகிறார்கள், பாதிக்கப்படுபவர் தூய்மைப் பணியாளர். கடைசியாக, 1850-இல் தொடங்கிய சென்னைக் கவின் கலைக் கல்லூரியிலும் கும்பகோணத்திலும் இதை ஒரு விருப்பப் பாடமாக வைக்க வேண்டும். துணியில் அச்சிடுவதைப் பாடமாகச் சொல்லித் தரும் இடத்தில் தோலில் வரைவதைச் சொல்லித் தர என்ன தயக்கம்? ஹார்டியின் கல்லூரி பணமில்லாமல் 2022-இல் மூடிக்கொண்டது. நம் கல்லூரிகள் திறந்திருக்கின்றன, நம் பிள்ளைகளுக்குத்தான் வேலை இல்லை.

'பச்சை குத்துவதே கெட்ட பழக்கம், அதற்குப் போய் அரசு உரிமம் கொடுக்கலாமா?' என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். குத்திக்கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். யாரையும் வற்புறுத்தி அழைக்க எனக்கும் ஆசை இல்லை. ஆனால் அவருடைய பேரன் ஒருநாள் குத்திக்கொள்ளத்தான் போகிறான். அவன் உட்காரும் நாற்காலிக்கு எதிரில் இருப்பவன் தொழில் தெரிந்தவனா என்பது அந்தத் தாத்தாவின் கவலையும்தான்.

அரசு விதி வகுக்கும் வரை வாடிக்கையாளர்தான் அதிகாரி. கடைக்குப் போனால் நாலு விஷயம் கேளுங்கள். ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மையைப் பாட்டிலிலிருந்து புதுக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்கள், முந்தைய ஆளுக்கு ஊற்றியதில் மிச்சம் உங்களுக்கு வேண்டாம். அன்றைக்குக் குத்திப் பளபளக்கும் படங்களை விட்டுவிட்டு, ஆறி ஒரு வருஷமான வேலைகளின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தாளில் அவரைக் கையால் எதையாவது வரையச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றுக்கு முகம் சுளித்தாலும், கொடுத்த அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை என்று எழுந்து வந்துவிடுங்கள்.